களஞ்சியத்துக்கு முதலில் பூட்டுப் போட்டவன்

ஆக்லாந்தில் இறங்கியதும் என்னை முதலில் விசாரித்தது ஒரு நாய். சின்ன நாய். என் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எழும்ப மாட்டேன் என்றது. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று அதிகாரிப் பெண் கேட்டார். எனக்கு ஆங்கிலம் நாலு சொல் தெரியும். அதில் ஒன்று யெஸ். சொன்னேன். பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா, மோர்மிளகாய், கருவாடு, ஒரு போத்தல் தேன்.

தேன் போய்விட்டது. இங்குள்ள தேனீக்களுக்கு நோய் வருமாம். ஒடியல் மாவை அந்தப் பெண் முகர்ந்து பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். முகத்தைச் சுளித்துத் திருப்பித் தந்தார். மரியாதையாகத்தான் நடந்தார்கள்.

நாடு என்று ஒன்று இருப்பது அதன் வாசலில்தான் தெரிகிறது. ஒருவர் நிற்பார். பையைத் திற என்பார். எங்கள் மாந்தையிலும் ஒரு காலத்தில் இப்படி ஒருவர் நின்றிருப்பார்.

நான் மன்னார்க்காரன். மாந்தை எங்கள் பக்கம். பழைய காலத்தில் பெரிய துறைமுகப் பட்டினம். இப்போது மேடும் பற்றைக்காடும்தான். இளவயதில் அங்கே மண் தோண்டி ஆராய வந்தவர்களுக்குக் கூலிக்குக் கூடை சுமந்தேன். பிறகு நெல் களஞ்சியத்தில் மூட்டை சுமந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பட்டினம், அரசு, களஞ்சியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுமைக்குக் கீழே நின்று பார்த்தது.

ஆக்லாந்துக்கு வந்தது தம்பி செபமாலைக்காக. அவன் இங்கே குடியேறி இருபது வருடத்துக்கு மேல். கூப்பிட்டது அவன் மனைவி ரீற்றா. "அத்தான், இவர் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. கோயிலுக்கும் வாறேல்லை. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று போனில் அழுதாள்.

அவர்கள் வீடு ஹில்ஸ்பரோவில். சத்தமில்லாத இடம். மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஊரில் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இங்கே வருகிறது, போகிறது, மறந்துபோய்த் திரும்பி வருகிறது.

தம்பி குளிக்கப் போன நேரத்தில் ரீற்றா சமையலறையில் விசயத்தைச் சொன்னாள்.

மன்னார், யாழ்ப்பாணம், இந்தியா என்று கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் சாமான் வாங்கி வைத்திருக்கின்றன. செத்தவீடு, கலியாணம், கோயில் பெருநாள் எல்லாவற்றுக்கும். ஊருக்கே சோறு ஆக்கும் மூன்று பெரிய கிடாரம், காஸ் அடுப்பு, மடக்குக் கதிரை, மேசை, மழைக்குக் கட்டும் படங்கு, எப்போதும் சில மூட்டை அரிசி. வைக்க இடம் இருந்தது செபமாலையின் கராஜில். அங்கே வைத்தார்கள். தலைவர் கிலைவர் ஒருவரும் இல்லை. தேவையானவர் வந்து எடுத்தார், கொண்டுவந்து வைத்தார்.

ஒருமுறை ஒரு கிடாரம் அடி கருகி வந்தது. யார் என்று கேட்டால் எல்லோரும் தெரியாது என்றார்கள். தம்பி சனிக்கிழமை முழுவதும் இருந்து தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமை பூட்டு வாங்கினான்.

"பிறகு ஆக்கள் போன் எடுக்க வேண்டி வந்துது" என்றாள் ரீற்றா. "இவர் கேப்பார். எப்ப வேணும், எத்தினை பேர், எப்ப திருப்பித் தருவியள் எண்டு. முதல் பகிடியாத்தான் கேட்டவர். பிறகு பகிடி போயிட்டுது."

போன வருடம் இதே நகரத்தின் இன்னொரு பக்கம், ஒடாஹுஹுவில், அல்பிரட் என்பவர் ஒரு நாள் காலையில் திடீரென்று செத்துப்போனார். அவர் மனைவி ஜெசி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சமைத்துப் போடுவது. கிடாரம் எடுக்க வந்தார்கள். கராஜ் பூட்டு. செபமாலை விரி என்ற இடத்தில் வேலை செய்யும் பண்டகசாலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். போன் அங்கே அலுமாரிக்குள், சாவி அவன் சட்டைப் பைக்குள். இரண்டும் ஒருவருக்கும் எட்டவில்லை. கடையில் பெட்டிச் சோறு வாங்கி வந்த ஆட்களுக்குக் கொடுத்தார்கள்.

ஜெசி ஒரு வார்த்தை சொன்னாளாம். "என்ர மனிசன்ர செத்தவீட்டில சோத்தைப் பூட்டி வச்சவை."

அந்த வார்த்தை வந்து தம்பி வீட்டில் குடியிருந்துவிட்டது. அடக்கத்துக்குப் போனவன் ஜெசி வீட்டு வாசலுக்கு வெளியே நின்று திரும்பி வந்தான். இப்போது அல்பிரட்டின் ஆண்டுப் பூசை வருகிறது. ஒடாஹுஹுப் பக்கத்துக் குடும்பங்கள் அதற்கு வேறு கிடாரம் வாங்கப் போகின்றனவாம். இனி அவர்களுக்கு அவர்களுடைய களஞ்சியம். இவர்களுக்கு இவர்களுடையது.

"நீங்கள் சொன்னாக் கேப்பார், அத்தான்."

"நான் சொல்லுறேல்லை, பிள்ளை" என்றேன். உண்மை அதுதான். எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் சொன்ன பழக்கம் இல்லை.

இரவுச் சாப்பாடு ஒடியல் கூழ். இரண்டு அதிகாரிகள் முகர்ந்த மா. ரீற்றா இங்குள்ள பச்சை ஓட்டு மட்டியைப் போட்டிருந்தாள். மட்டி எங்கள் பக்கத்தில் கிடைப்பதைவிட மூன்று பங்கு பெரிது. கூழ் மட்டும் ஊர்க் கூழ்தான். குளிருக்கு நன்றாக இருந்தது.

தம்பியின் மகள் டிலானி ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறாள். தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். தாய் மொழிபெயர்ப்பாள். அடுத்த கிழமை அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடம், உலகத்தின் முதல் நகரங்களும் அரசுகளும் எப்படி உண்டாயின, ஏன் உண்டாயின.

"ஏன் உண்டாச்சு?" என்று கேட்டேன்.

"அதுதான் சண்டை, பெரியப்பா. விவசாயம் வந்ததும் அரசன் வந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் ஆட்கள் விதைத்து அறுத்துச் சும்மா கிராமத்தில் இருந்திருக்கிறார்கள். பிறகு ஈராக் பக்கம், இரண்டு ஆற்றுக்கு நடுவே, திடீரென்று மதில், கோயில், அரண்மனை. வாய்க்கால் வெட்டுகிறவர்களை மேய்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சண்டையால் என்று சிலர். வியாபாரம், சாமி, இப்படி."

"எது சரி?"

"ஒன்று மட்டும் சரி என்று சொன்னால் எனக்கு மார்க்ஸ் குறைப்பார்கள்."

நான் தண்ணீரின் பக்கம் நின்றேன். எங்கள் கட்டுக்கரைக் குளத்தை அரசன் கட்டினான். அவ்வளவு பெரிய குளத்தைக் கட்டவும் காக்கவும் அரசன் வேண்டும்தானே என்றேன்.

"அதற்கு முந்திய சின்னக் குளங்கள்?"

"அதுகள் ஊராக்கள் கட்டினது."

"அப்போ அரசன் இல்லாமலும் தண்ணீரைப் பிரித்திருக்கிறார்கள்" என்றாள்.

கூழைக் குடித்தேன். கொஞ்சம் பொறுத்து வேறொன்று நினைவு வந்து சொன்னேன். சண்டைக் காலத்தில் எங்கள் களத்தில் நெல் குவிந்தால் யாராவது வருவார்கள். யார் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது. குவியல் தூரத்திலேயே தெரியும். எல்லா வயலும் ஒரே காலத்தில் அறுக்கும். எப்போது வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மரவள்ளி அப்படியில்லை. மண்ணுக்குள் கிடக்கும். தேவைப்பட்ட நாளில் ஒன்றைக் கிளப்பலாம். எங்களைக் காப்பாற்றியது மரவள்ளி.

டிலானி கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். "அப்படியும் சொல்லுறாங்கள், பெரியப்பா" என்று தமிழிலேயே சொன்னாள். "நெல், கோதுமை இருந்த இடத்திலதான் அரசு வந்தது. கிழங்கை எண்ண ஏலாது."

பிறகு அவள் உற்சாகமாகிவிட்டாள். அந்தப் பழைய நகரங்களில் களஞ்சிய அறைக் கதவைக் கயிற்றால் கட்டுவார்களாம். முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, பொறுப்பாளர் தன் முத்திரையை அழுத்துவாராம். யாராவது திறந்தால் களிமண் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது எல்லாருடைய தானியம். முத்திரை ஒருவருடையது. அங்கேதான் தொடங்குகிறது."

செபமாலை கோப்பையை வைத்தான். எழுந்து வெளியே போனான்.

ரீற்றா மகளின் காலை மேசைக்குக் கீழே உதைத்தாள்.

"ஆ! நான் என்ன சொன்னேன்?" என்றாள் பிள்ளை. பிறகு அவளுக்கே விளங்கியது. கூழ் ஆறியது.

அடுத்த நாள் காலை தம்பி கராஜைத் திறந்து காட்டினான். நான் கேட்கவில்லை. அவனாகத்தான் திறந்தான். உள்ளே தேவாலயம் மாதிரித் துப்புரவு. கதிரைகள் சுவரோடு அடுக்கி, படங்கு மடித்து, அரிசி மூட்டைகள் ஈரம் படாமல் பலகை மேல். மூன்று கிடாரமும் கவிழ்த்து, பளபளவென்று.

"வடிவா வச்சிருக்கிறாய்" என்றேன்.

"ஓம்."

ஒரு கிடாரத்தின் அடியைத் தடவினேன். கருகிய தடம் மங்கலாகத் தெரிந்தது.

"அண்ணை, பண்டகசாலையில நான் ஒரு இலக்கம்" என்றான். "நெஞ்சில குத்தியிருக்கும். அதைத்தான் கூப்பிடுவாங்கள். இஞ்ச வந்துதான் ஆக்கள் செபமாலை அண்ணை எண்டு கேட்டு நிண்டவை. எனக்கு அது பிடிச்சிருந்துது. பொய் சொல்லேல்லை."

பூட்டைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். வேலைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போனான், சும்மா பார்க்க.

விரி முழுவதும் களஞ்சியம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, யன்னல் இல்லாமல், எங்கள் ஊர்க் கோயிலைப் போலப் பத்து மடங்கு. லொறிகள் முதுகைக் காட்டி வரிசையில் நின்றன. எங்கள் களஞ்சியத்தில் எலி இருந்தது, பூனை இருந்தது, மேலதிகாரியின் மச்சான் இருந்தார். இங்கே வாசலில் ஒரு தடி மட்டும். அட்டை காட்டினால் தூக்கும். இந்த நகரம் நாளைக்கு என்ன தின்னும் என்பது அந்தத் தடிக்குப் பின்னால் இருக்கிறது.

அங்கே ஹெமி என்பவரைக் கண்டேன். தம்பியோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இந்த மண்ணின் பூர்வகுடி, மவோரிக்காரர். பெரிய உடம்பு. என் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மூட்டை" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். ஓம் என்றேன். அவருக்கு அது விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மலை காட்ட வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஹெமி வந்தார். தம்பி, டிலானி, நான். மவுங்காகியேகியே என்பது மலையின் பெயர். பழைய எரிமலை. சுற்றிவர ஆடும் மாடும் மேய்கின்றன. நடு நகரத்தில் மாடு. ஆனால் சாணி மிதித்தவர்களெல்லாம் விலை கூடிய சப்பாத்துப் போட்டிருந்தார்கள்.

மலையின் சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டியிருந்தது. நான் இயற்கை என்று நினைத்தேன். மனிதர் கை என்றார் ஹெமி. மரக் கட்டையாலும் கையாலும் வெட்டியது. படிகளில் வீடு. அங்கங்கே சதுரமாகப் பள்ளம். புல் மூடிக் கிடந்தது.

ஹெமி பத்து வசனம் சொன்னால் தம்பி ஒன்று சொன்னான்.

"கூமரா குழி" என்றான்.

கூமரா என்பது வத்தாளங்கிழங்கு, இந்தியாக்காரர் சர்க்கரைவள்ளி என்பார்கள். அவர்களுடைய முன்னோர் வெப்பமான தீவுகளிலிருந்து தோணியில் கொண்டுவந்தது. அங்கே கிழங்கு வருடம் முழுவதும் மண்ணிலேயே கிடக்கும், எங்கள் மரவள்ளி போல. இங்கே குளிர். மண்ணில் விட்டால் அழுகிவிடும். ஆகவே குளிருக்கு முன் எல்லாவற்றையும் கிளப்பிக் குழியில் சேர்க்க வேண்டும்.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கிழங்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ந்தால் நெல்லாகிவிடுகிறது. தூரத்தில் தெரியும். வேறு ஆள் வருவான். அப்போது அகழி வேண்டும். வேலி வேண்டும். வேலிக்குக் காவல் வேண்டும். இன்றைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். ஒரு குளிர் வந்து இவ்வளவையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது. ஒருவரும் அரசனாக வேண்டும் என்று காலையில் எழும்பவில்லை.

"பூட்டு?" என்று கேட்டேன். அந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும்.

ஹெமி சிரித்தார். பூட்டு இல்லை. தொடக்கூடாது என்று சொல்லிவிட்டால் தொடமாட்டார்கள், அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பயம் என்றார். "நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, லொறி ஏற்றுகிறவன்" என்றும் சொன்னார். இதுவரை தம்பி மொழிபெயர்த்தான்.

பிறகு ஹெமி இன்னும் ஏதோ சொன்னார். தம்பி அதை மொழிபெயர்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மலையிலிருந்து இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

"என்னவாம்?" என்றேன் டிலானியிடம்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு அரைத் தமிழில் சொன்னாள். "குழி நிறைய இருக்கிறதால ஒருத்தன் பெரிய ஆள் இல்லையாம். ஆக்கள் வந்த நாள் அதைத் திறந்தாத்தான் அவருக்குப் பேராம். திறக்காத ஆளை விட்டிட்டுச் சனம் அடுத்த மலைக்குப் போயிடுமாம். அங்கேயும் சொந்தக்காரர் இருப்பினம்தானே."

ஹெமிக்குத் தம்பியின் கதை ஒன்றும் தெரியாது. தன் அம்மா வீட்டு ஃப்ரீசரை வைத்தே குடும்பம் முழுவதையும் ஆண்டார் என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை.

இறங்கும்போது டிலானி எனக்கு விளக்கினாள். போக இடம் இருந்தால் அரசன் பெரிதாக வளர மாட்டானாம். இரண்டு ஆற்றுக்கு நடுவே இருந்தவர்களுக்குச் சுற்றிவர வனாந்தரம். போக இடமில்லை. அதனால் இருந்து கொடுத்தார்கள். "இதைப் பாடத்தில் சேர்க்கப் போகிறேன்" என்றாள்.

எனக்கு ஒடாஹுஹு நினைவில் வந்தது. அங்கே போக வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்தவன் செத்தவீடு விசாரிக்காமல் இருக்கக்கூடாது. ஒரு வருடமானாலும் அதுதான் முறை.

அடுத்த நாள் தனியாக பஸ் ஏறினேன். ரீற்றா அட்டை தந்து, இறங்கும் இடத்தையும் சொன்னாள். ஏறி உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் கொண்டக்டர் இடத்தைக் கூப்பிடுவார். இங்கே கொண்டக்டரே இல்லை. இறங்க வேண்டியவர் மணியை அமத்த வேண்டுமாம். எனக்கு யார் சொன்னது? கூப்பிடுவார்கள் என்று மரியாதையாக இருந்தேன். என்னுடைய இடம் யன்னலுக்கு வெளியே போனது. பஸ் கடைசி நிலையத்தில் நின்றது. நானும் சாரதியும் மட்டும்.

சாரதி தொங்காத் தீவுக்காரர். பாவாடை மாதிரி ஒன்று கட்டியிருந்தார். நான் "ஒடாஹுஹு" என்றேன். அவர் வெளியே கையைக் காட்டினார். ஒடாஹுஹு நிலையமே அதுதான். ஜெசியின் வீட்டைத்தான் கடந்து வந்துவிட்டேன். அவர் குடுவையைத் திறந்து தேத்தண்ணி குடித்தார். மூடியில் எனக்கும் ஊற்றித் தந்தார். பிறகு அதே பஸ்ஸில் திரும்பிப் போகும்போது சரியான இடத்தில் நிறுத்தித் தானே மணியை அடித்துக் காட்டினார். அடுத்த முறைக்கு.

அந்த நிலையத்தில் காத்திருந்தபோது ஒன்று கண்டேன். டிலானி சொல்லியிருந்தாள், ஒடாஹுஹுவில் நிலம் ஒடுங்கி, இரண்டு பக்கத்துக் கடலுக்கும் நடுவே கொஞ்ச நிலம்தான் இருக்கிறதாம். பழைய காலத்தில் தோணியைக் கரையேற்றி, நிலத்தில் இழுத்து, மற்றக் கடலில் இறக்குவார்களாம். மாந்தையும் அப்படித்தான். பாக்கு நீரிணையில் ஆழம் இல்லை. பெரிய கப்பல் தாண்டாது. நின்று இறக்கிச் சின்னத் தோணியில் ஏற்ற வேண்டும். நிற்கிறவனுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும். ஊர் வந்துவிட்டது. பிறகு கப்பல்கள் வேறு வழி பிடித்தன. மாந்தை மண்ணுக்குள் போனது. ஒடாஹுஹுவில் இன்னும் ரயிலும் பஸ்ஸும் நிற்கின்றன. இறங்குகிறவர்கள் ஏறுகிறார்கள். கோழி பொரிக்கிற மணம். சமோவா, தொங்கா, இந்தியா, நாங்கள்.

ஜெசி என்னைக் கண்டு அழவில்லை. "வாங்கோ அண்ணை. இருங்கோ" என்றாள். அல்பிரட்டின் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நான் எழுந்து நின்று ஒரு செபம் சொன்னேன். தேத்தண்ணி வந்தது. சீனி அதிகம்.

அவளாகக் கதைத்தாள்.

"கிடாரம் கிடைக்காததுக்கு நான் கோவிக்கேல்லை. செபமாலை வேலையில நிண்டவர், எனக்குத் தெரியாதே? செத்தவீட்டில வாய் தவறி ஒரு கதை சொன்னன். ஆனா அண்ணை, உங்கட தம்பி வந்து வாசலுக்கு வெளியில நிண்டிட்டுப் போட்டார். ஏறி வந்து ஒருக்கா என்ர முகத்தைப் பாத்திருந்தா முடிஞ்சுது. இப்ப ஆக்கள் வேற கிடாரம் வாங்குவம் எண்டினம். சனிக்கிழமை வாங்கப் போகினம். நான் வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்ல?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினேன். மணியை அமத்திச் சரியான இடத்தில் இறங்கி வீடு வந்தேன்.

தம்பி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஜெசி வீட்டில தேத்தண்ணி குடிச்சனான்" என்றேன்.

அவன் கை நின்றது. "என்ன சொன்னவ?"

"சீனி கூட."

"அண்ணை!"

"நீ படியேறி வரேல்லையாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது. அவன் மற்றச் சப்பாத்தைக் கழற்றாமல் நெடுநேரம் இருந்தான். சாப்பிட வரவில்லை. மறுநாள், கூட வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டுச் சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டான் என்று ரீற்றா காதுக்குள் சொன்னாள்.

சனிக்கிழமை காலை கராஜ் கதவு திறக்கும் சத்தத்தில் எழும்பினேன். வான் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி நிறுத்தியிருந்தான். மூன்று கிடாரமும் ஏற்றினோம். அடுப்பு, படங்கு, ஒரு மூட்டை அரிசி. மூட்டையை நான் தூக்கப் போனேன். "விடுங்கோ, வயசென்ன?" என்றான். தூக்கினேன்.

வழி முழுவதும் வானுக்குள் கிடாரங்கள் ஒன்றையொன்று இடித்து மணி போல அடித்துக்கொண்டு வந்தன.

ஜெசி வீட்டு முன்னால் சிலர் காரில் ஏறத் தயாராக நின்றார்கள். கடைக்குப் போக. அதில் செந்தில் என்று ஒரு திருநெல்வேலிக்காரர். அன்றைக்குக் கிடாரம் எடுக்க வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர்தான். வானைக் கண்டதும் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை.

தம்பி இறங்கினான். கிடாரத்தை எடுக்கவில்லை. நேரே படியேறினான். வெறுங்கையோடு. கதவைத் தட்டினான். ஜெசி வந்தாள்.

"அக்கா" என்றான். முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது.

"ஒரு வருசம் எடுத்திருக்கு, ஆறு படி ஏற" என்றாள் ஜெசி.

செந்தில் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். தம்பி கண்ணைத் துடைத்தான். பைக்குள் கையை விட்டுப் பூட்டையும் சாவியையும் எடுத்து நீட்டினான். "இனி நீங்கள் வச்சிருங்கோ, அக்கா. எல்லாச் சாமானையும் இஞ்ச கொண்டுவாறன்."

ஜெசி கையை நீட்டவில்லை. "எனக்கேன்? நாளைக்கு ஆக்கள் என்ர வாசலில வந்து கேட்டு நிக்கவோ? எனக்கு ஏலாது. சாமான் உங்கட கராஜிலயே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தாள். "பூட்டை மட்டும் தாங்கோ. என்ர புல்லு வெட்டுற மிசினை ரெண்டு தரம் கள்ளன் கொண்டுபோட்டான். அந்தக் கொட்டிலுக்கு நல்ல பூட்டு ஒண்டு வேணும்."

செந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, பூட்டுன்னா திருடனுக்குத்தாண்ணே. குடுத்துருங்க."

பூட்டு கை மாறியது. கிடாரங்கள் இறங்கின. படங்கு கட்டினோம். ஆண்டுப் பூசை மறுநாள். சமையல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. வெங்காயம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், தேங்காய்ப்பால் டின் உடைக்கிறவர்கள் ஒரு பக்கம். கத்தரிக்காய்க்கு எவ்வளவு புளி என்று யாழ்ப்பாணத்துக்கும் திருநெல்வேலிக்கும் யுத்தம் நடந்தது. கூமராவைப் பாலில் அவித்து ஒரு கறி வைத்தாள் ஜெசி. இனிப்பும் உறைப்புமாக. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். தம்பி கிடாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றான். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டு.

அந்த நகரங்கள் மண்ணாகிப் போனபோது அவற்றின் முத்திரையை யாராவது தாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று டிலானியிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் தான் படிக்கவில்லை என்றாள். எரிந்த நகரம், விட்டுப்போன நகரம், இன்னொருவன் பிடித்த நகரம் எல்லாம் இருக்கிறதாம். பாடம் நன்றாக நடந்ததாம். பிள்ளைகள் மதிலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். ஒரு பெண் பிள்ளை மட்டும் எழும்பி, "அந்த ஆட்களுக்குப் பயமாக இருந்திருக்குமா?" என்று கேட்டதாம். எந்த ஆட்களுக்கு என்று டிலானி கேட்டாளாம். முத்திரை வைத்திருந்தவர்களுக்கு என்றதாம்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய நாள், தம்பியும் நானும் கடைக்குப் போய் வந்தோம். வீட்டு வாசலில் திரும்பும்போது கராஜ் கதவு மேலே தூக்கிக் கிடந்தது. உள்ளே ஆள். செந்தில். ஒரு பெரிய மேசையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிறந்தநாளாம். போன் எடுக்கவில்லை. கேட்கவில்லை. கதிரைகளைத் தன் காரில் ஏற்றி முடித்திருந்தார். அடுக்கு எல்லாம் குலைந்து கிடந்தது.

எங்களைக் கண்டதும் அவர் மேசையை விட்டார். "அண்ணே... நீங்க இல்லையேன்னு..."

தம்பி காரை நிறுத்தினான். இறங்கினான். குலைந்த அடுக்கைப் பார்த்தான். எப்ப வேணும், எத்தினை பேர், எப்ப திருப்பித் தருவீர் என்று அவன் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வாய் ஒருமுறை திறந்தது. பிறகு மூடியது.

மேசையின் மற்றப் பக்கத்துக்குப் போனான்.

"பிடியும்" என்றான். "சுவரில இடிக்காமல்."

இருவரும் தூக்கினார்கள்.